ஞானஸ்நானம் கொடுத்தவர்

நவம்பர் 5, புதன்

திருமண்டலத்தில் வருடா வருடம் என்னைப் போன்ற கோவில் சேகரச் செயலாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற டைரி இது. பத்து மாதமாக இதில் கமிட்டி கூடும் தேதியைத் தவிர நான் ஒன்றும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். பேசுவதற்கு ஆள் இல்லை, வேறொன்றுமில்லை.

நேற்றுக் காலை பதினொன்று பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம். ஆயிரத்து எண்பது கிராம். பியூலாவுக்கு பிரஷர் ஏறிக்கொண்டே போனதால், இனிமேல் உள்ளே வைத்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா ஆபரேஷன் செய்துவிட்டார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து வந்த பிள்ளை. பெற்றவளே இன்னும் பார்க்கவில்லை. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு நிமிஷம் பார்த்தேன். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் நீளம்கூட இருக்காது போலிருந்தது.

வாட்ச்மேன் "போதும் சார்" என்றான். அவனை அடிக்க வேண்டும் போல வந்தது.

நவம்பர் 6, வியாழன்

பியூலா இரண்டாம் மாடி. குழந்தை மூன்றாம் மாடி. குழந்தைப் பிரிவில் அம்மாக்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அப்பாக்கள் சாயங்காலம் நாலு மணிக்குப் பத்து நிமிஷம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே இருக்கிற மூத்த நர்ஸ் பெயர் அமலோற்பவம். தூத்துக்குடிக்காரர், ஆர்.சி. இருபத்தாறு வருட சர்வீஸ். "தொடாதீங்க சார், விரலை மட்டும் நீட்டுங்க, அவளே பிடிப்பா" என்றார். நீட்டினேன். பிடித்தாள். நான் ஆண்பிள்ளை என்பதெல்லாம் அந்த இடத்தில் எடுபடவில்லை, தேம்பி அழுதேன்.

குழந்தை இருக்கிற கண்ணாடிப் பெட்டியின் மேல் 'பியூலாவின் குழந்தை' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. பெயர் வைக்கவில்லை. எனக்குப் பிரிசில்லா. பியூலாவுக்குக் கிருபை. பெண்ணாக இருந்தால் எந்தப் பெயர் என்று ஐந்தாம் மாதத்திலிருந்தே இந்தச் சண்டை நடக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

கிதியோன் வந்தான். வந்தார். எனக்கு எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த பயல், இன்றைக்கு பைபாஸ் ரோட்டில் பழைய அரிசி குடோனில் சபை நடத்துகிற பாஸ்டர். ஊரில் எல்லோருக்கும் அது குடோன் சபைதான். பியூலா இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கோவிலை விட்டு அங்கே போனாள். அங்கே சிமெண்ட் தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்தாள். கைப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் கோவிலில் தலையில் தண்ணீர் ஊற்றியது செல்லாதாம்.

எங்கள் சட்டப்படி ஒரு ஆளுக்கு ஒரே ஞானஸ்நானம். இரண்டாம் தடவை எடுத்தால் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. கமிட்டி அவள் பெயரைத் திருவிருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நான் செயலாளர், பதிவு செய்தேன். அவ்வளவுதான் என் வேலை.

கிதியோன் வராந்தாவில் நின்று ஜெபித்தார். சத்தம் இல்லாமல் ஜெபிக்கவும் அவருக்குத் தெரியும் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், பிள்ளைக்கு அவசரப்பட்டு எதுவும் செஞ்சுராதீங்க. விசுவாசம் முதல்ல, தண்ணி அப்புறம். வேதத்துல எந்த இடத்துலயும் அந்த வரிசை மாறல. ஸ்டெப்பு மாத்திப் போட்டா மார்க் கிடையாதுன்னு நீங்கதான சொல்லுவிய."

எனக்குச் சுருக்கென்றது. "வேதத்துல அந்தச் சிறைச்சாலைக்காரன் வீட்டுல எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்தாங்களே, அதுல கைப்பிள்ளை இருந்திருக்காதா?" என்றேன்.

"இருந்துச்சுன்னு எழுதியிருக்கா சார்?"

"இல்லன்னு எழுதியிருக்கா?"

 காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 8, சனி

வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தேன். பியூலாவின் நைட்டி, புடவைகளோடு என் சிவப்புத் துண்டையும் போட்டுவிட்டேன். இப்போது எல்லா நைட்டியும் ரோஸ் நிறம். தண்ணீர் மோட்டாரும் ஓடவில்லை. அரைப் பரீட்சைக் கேள்வித்தாள் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

எழுதி வைக்க வேண்டிய ஒன்று. ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து திரும்பும்போது ஜூஸ் கடையில் உட்கார்ந்து நானும் பியூலாவும் ஒரு முடிவுக்கு வந்தோம். பிள்ளைக்கு எந்தச் சபைத் தண்ணீரும் வேண்டாம். அது வளர்ந்து தானாகக் கேட்கட்டும். நான் வார்த்தை கொடுத்தேன். அவளும் கொடுத்தாள்.  

நவம்பர் 9, ஞாயிறு

கோவிலுக்குப் போனேன். எங்கள் சபைப் போதகர் ஐயர் ஜெபத்தில், "நம் செயலாளர் ஆசீரின் குழந்தைக்காக" என்றார். வயிற்றைக் கிழித்துப் பெற்றுவிட்டுப் படுத்திருக்கிறவள் பெயர் வரவில்லை. முடிந்ததும் கேட்டேன். "வேணும்னு இல்ல ஆசீர், நாக்குல வரல" என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்ல மாட்டார். நாக்கில் வராமல் போனது எப்படி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஐயர் இன்று சாயங்காலம் ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போகிறார். திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாகும்.

கமிட்டியில் மூத்தவர் நவமணி அண்ணாச்சி வாசலில் பிடித்துக்கொண்டார். "ஏ ஆசீரு, பிள்ளைக்கு எப்ப தண்ணி ஊத்துதோம்? வீட்டுக்காரி ஒத்துக்கிடுவாளா?"

"முதல்ல பிழைக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். சொன்ன பிறகுதான் வார்த்தை எனக்கே பயமாக இருந்தது.

இன்னொன்று. கமிட்டி எடுத்துவிட்டது என்று வெள்ளிக்கிழமை எழுதியிருக்கிறேன். தீர்மானத்தின் வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

நவம்பர் 10, திங்கள்

கேள்வித்தாள் கொடுக்கப் பள்ளிக்கூடம் போனேன். போயிருக்கக் கூடாது. பதினோரு மணிக்கு போன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் பஸ், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று.

காலை ஏழு மணிக்கே குழந்தைக்கு மூச்சு நின்றிருக்கிறது. தட்டி எழுப்பியிருக்கிறார்கள். மறுபடியும் நின்றிருக்கிறது. உடம்பு நீலம் பாரித்து, இப்போது குழாய் போட்டு மெஷின் மூச்சு விடுகிறது. ரத்தத்தில் கிருமி. "ரெண்டு நாள் தாண்டணும் சார். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

காலையிலிருந்து பியூலா ஒருத்தியாகவே அங்கே இருந்திருக்கிறாள். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ தைரியமா இரு" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். நான் இல்லாமல் போனதற்குக் கோபம் என்று நினைக்கிறேன். கோபப்படட்டும்.

சாயங்காலம் மாடிப்படியில் நின்று சென்னைக்கு ஐயரைக் கூப்பிட்டேன். "ஞானஸ்நானம் நீங்களே கொடுக்கலாம் ஆசீர். உயிருக்கு ஆபத்துன்னா யாரும் கொடுக்கலாம். தண்ணியும் திரியேக நாமமும் போதும். பேர் சொல்லிக் கொடுங்க. நான் வந்ததும் ரிஜிஸ்டர்ல எழுதிக்கிடுவோம்" என்றார்.

நான் வார்த்தை கொடுத்த கதையை அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

செய்துவிட்டேன்.

நாலு மணிக்கு உள்ளே போனேன். பியூலா கீழே படுத்திருந்தாள். அமலோற்பவம் சிஸ்டரிடம் போய், "கொஞ்சம் சுத்தத் தண்ணி கிடைக்குமா சிஸ்டர்? பிள்ளை தலையில ரெண்டு சொட்டு…" என்றேன். 

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்களும் கேக்கியளா சார்?" என்றார். எத்தனை அப்பன்கள் இப்படி வந்து நின்றிருப்பார்களோ. பிள்ளைகளுக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் காய்ச்சி ஆறின தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "வீட்டுல கேட்டியளா?" என்றார். இல்லை என்றேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னேன். அவர் வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டார்.

விரலில் தொட்டு மூன்று தடவை நெற்றியில் வைத்தேன். பிரிசில்லா, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே. மூன்றாவது சொட்டு வழிந்து காதுக்குப் போய்விட்டது. அதற்கு வேண்டி நாலாவது ஒன்று வைத்தேன். நாலு கூடுமா என்று தெரியவில்லை. மெஷின் அதுபாட்டுக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பரலோகம் திறக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மனசு மட்டும் கொஞ்சம் லேசானது.

பத்து நிமிஷம்கூட அது நிற்கவில்லை. கீழே வந்து பியூலாவின் முகத்தைப் பார்த்ததும் திருடன் மாதிரி ஆகிவிட்டேன். "பிள்ளைய பாத்தியளா?" என்றாள். "பாத்தேன்" என்றேன்.

நவம்பர் 12, புதன்

இருக்கிறாள்.

நவம்பர் 13, வியாழன்

இருக்கிறாள். சிறுநீர் நன்றாகப் போகிறதாம். அதைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நவம்பர் 15, சனி

கிருமி குறைகிறது. டாக்டர் மருந்தின் பெயர் ஒன்று சொன்னார். நல்லது. ஆனால் மருந்து கொடுத்த அதே நாட்களில் குடோன் சபையில் மூன்று நாள் உபவாசம் இருந்திருக்கிறார்கள். அதே நாட்களில்தான் நானும் தண்ணீர் ஊற்றினேன். மூன்று மாறிகள், ஒரே சமன்பாடு. இதைத் தீர்க்க முடியாது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

இதே குழப்பம் ஆறு மாதத்துக்கு முன்னும் இருந்தது. ஒன்பது வருடம் எங்கள் கோவிலில் முழங்காலில் நின்றோம், ஒன்றுமில்லை. பியூலா அங்கே போன இரண்டாம் வருடம் உண்டாகிவிட்டாள். அவள் ஜெபம் என்றாள். டாக்டரம்மா தைராய்டு மாத்திரை என்றார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். பிள்ளையைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் எனக்குச் சரி. ஆனால் ஆண்டவர் நம் கோவிலைத் தாண்டிப் போய் அந்தக் குடோனில் வைத்துக் கொடுத்திருந்தால், நான் அந்தக் கமிட்டியில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இதை ஐயரிடம் கேட்கலாம். கேட்க மாட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று கோவிலுக்குப் போகவில்லை. பியூலாவும் குடோனுக்குப் போன் போட்டு ஜெபத்தில் கலந்துகொள்ளவில்லை. நேரில் போக முடியாத ஞாயிறெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள்.

அவளை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். அம்மாமார் அறையில் தங்கியிருக்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் பீச்சிக் கொடுக்க வேண்டும். நான் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"ஏங்க. ஒருத்தருக்கு வார்த்தை கொடுத்துட்டு, அத மீறிட்டா, ஆண்டவர் மன்னிப்பாரா?"

பாட்டில் கை நழுவிச் சட்டியில் விழுந்து கொதிநீர் தெறித்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் சொல்லியிருப்பார். நேராகக் கேட்காமல் இப்படி வளைத்துக் கேட்கிறாள்.

"மன்னிப்பாரு" என்றேன்.

"வார்த்தைய வாங்கினவரு மன்னிப்பாரா?"

"அவரு மனச பொறுத்தது" என்றேன். அதற்கு ஏன் அவள் அழ வேண்டும்? நான்தானே அழ வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நவம்பர் 19, புதன்

மெஷினை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள்! வராந்தாவில் எதிரே வந்தவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். வாட்ச்மேனுக்கு இரண்டு.

ஐயர் ஊருக்கு வந்துவிட்டார். போனில், "தேவனுக்கு ஸ்தோத்திரம். முப்பதாம் தேதி அட்வெந்து முதல் ஞாயிறு சபைக்கு முன்னால பிள்ளை பேர வாசிச்சு ஏத்துக்கிடுவோம். அதுக்கு முன்னால ரிஜிஸ்டர்ல எழுதிருங்க" என்றார். சபைக்கு முன்னால் வாசித்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் பியூலாவுக்குத் தெரியாதா? ரிஜிஸ்டர் என் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. செயலாளர் பதவியை இதற்கா வாங்கினேன்?

நவம்பர் 21, வெள்ளி

கிதியோன் வந்திருந்தார். பியூலாவைப் பார்த்து, "சிஸ்டர், பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பிரதிஷ்டை பண்ணி ஜெபிப்போம்" என்றார். பிரதிஷ்டை என்றால் தண்ணீர் இல்லை, கையில் ஏந்தி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது மட்டும்தான். பியூலா துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், "இப்ப வேண்டாம் பாஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருக்கும் முகம் மாறிவிட்டது, எனக்கும்தான். நான் செய்த காரியத்தால் இவளுக்கு அவர்கள் முன் வெட்கம் என்று நினைத்தேன். இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பால் கொடுத்துவிட்டு வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே, "பியூலா, நான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துட்டேன். உன்ட்ட கேக்கல. வார்த்தைய மீறிட்டேன்" என்றேன்.

கையிலிருந்த காலிப் பால் பாட்டிலின் மூடியைத் திருகினாள். பிறகு, "என்னைக்கு?" என்றாள்.

"செவ்வாக்கிழமை. பதினொண்ணாம் தேதி சாயங்காலம்."

"நான் திங்கக்கிழமை காலையில."

எனக்கு முதலில் புரியவில்லை. எது திங்கட்கிழமை என்று கேட்டேன். "நான் கொடுத்தது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள்.

"வேதத்துல இல்லன்னு எனக்குத் தெரியும். உங்களோட எத்தன நாள் அதுக்காக மல்லுக்கு நின்னுருப்பேன்? பிள்ளை நீலமா போகுதுங்க. என் கண்ணு முன்னால போகுது. அந்த நேரத்துல எனக்கு வசனமா ஞாபகம் வந்துச்சு? சிஸ்டர்ட்ட தண்ணி கொடுங்கன்னு கத்திட்டேன். கிருபைன்னு பேரு சொல்லி ஊத்திட்டேன்."

அந்த நேரம் பார்த்து அமலோற்பவம் சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அப்பாடா, பேசியாச்சா? ஒருத்தருக்கொருத்தர் சொல்லக்கூடாதுன்னு ரெண்டு பேரும் எங்கிட்ட சொல்லிட்டிய. நான் எத்தன நாளைக்குத்தான் வாய அடக்க? ஒரு தடவ கொடுத்தாச்சுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன் சார், சத்தியம் வாங்கியிருந்தாவளே இவிய" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

ஆக, குழந்தைக்கு முதல் ஞானஸ்நானத்தைக் கொடுத்தது, குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லிக் கோவிலை விட்டுப் போனவள். இரண்டாவதைக் கொடுத்தது, இரண்டாம் ஞானஸ்நானம் கூடவே கூடாது என்று சட்டம் பேசின நான். எங்கள் கோவில் கணக்கில் அவள் செய்தது சரி, அவள் சபைக் கணக்கில் தப்பு. நான் செய்தது இரண்டு கணக்கிலும் தப்பு.

"என் மேல கோவமா?" என்றேன்.

"உங்க மேல கோவப்பட எனக்கு என்ன யோக்கியதை?" என்றாள்.

அவள் பெயரை எடுத்த அந்தக் கமிட்டித் தீர்மானத்தைப் பற்றியும் அப்போதே சொல்லியிருக்கலாம். முன்மொழிந்தது நான்தான் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது. இந்த டைரியிலும் இப்போதுதான் எழுதுகிறேன். யாரும் கேட்காமல் நானே முன்மொழிந்தேன். செயலாளர் பெண்டாட்டிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று முந்திக்கொண்டேன். இன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாவம் போதும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

ஆயிரத்து நூற்று நாற்பது கிராம்.

ஐயரிடம் போய் இரண்டு கதையையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றினார். "முதல்ல கொடுத்ததுதான் ஞானஸ்நானம் ஆசீர். தண்ணி இருந்துச்சு, நாமம் இருந்துச்சு, பிள்ளைக்கு ஆபத்து இருந்துச்சு. உங்க மனைவி கொடுத்தது செல்லும்."

"நான் கொடுத்தது?"

"அறியாம செஞ்சது. உங்க மேல குத்தம் இல்ல. அது ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லையாம். அந்த மூன்று சொட்டுக்கு, இல்லை நாலு சொட்டுக்கு, நான் பட்ட பாடு ஒன்றுமில்லையாம்.

ஆஸ்பத்திரிக்கு வந்தால் பியூலா அதைவிடக் கலங்கிப் போயிருக்கிறாள். அவளும் கிதியோனிடம் சொல்லிவிட்டாள். திட்டுவார், சபைக்கு முன்னால் நிறுத்துவார் என்று பயந்திருக்கிறாள். அவர் திட்டவே இல்லை. "அது வெறும் தண்ணி சிஸ்டர். அதுல பாவமும் இல்ல, பலனும் இல்ல. மனச அலட்டிக்கிடாதீங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்" என்றாள் பியூலா. "வெறும் தண்ணியாங்க அது? வெறும் தண்ணின்னா நான் என்னத்த நம்பி ஊத்தினேன்? தொட்டியில என்னை முக்கினது மட்டும் வேற தண்ணியா?"

 கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து குழம்புவதில் ஒரு ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது.

நவம்பர் 27, வியாழன்

ரிஜிஸ்டரில் எழுதினேன். குழந்தையின் பெயர்: கிருபை. தேதி: நவம்பர் 10. கடைசிக் கட்டத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர் வர வேண்டும். நூறு வருடமாக அந்தக் கட்டத்தில் ஐயர்மார் பெயர்கள்தான், எப்போதாவது ஒரு உபதேசியார். 'பியூலா, தாயார்' என்று எழுதினேன்.  பிரிசில்லா என்ற பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நவம்பர் 29, சனி

"பிள்ளை பேர வாசிக்கும்போது தாய் இல்லாம எப்படி? அதுக்கு மட்டும் வாரேன். திருவிருந்துக்கு முன்னால எந்திரிச்சுப் போயிருவேன்" என்றாள் பியூலா. இரண்டு வருடம் கழித்து எங்கள் கோவிலுக்கு வருகிறாள். ரோஸ் நிறமாகாமல் தப்பின புடவை ஒன்று தேடி எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு, அட்வெந்து

எழுதாமல் விட்டால் நாளைக்கு மாற்றி எழுதிவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கோவிலில் பியூலா பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அறிவிப்பு நேரத்தில் ஐயர் வாசித்தார். குழந்தையின் பெயர், தேதி, கொடுத்தவர், எல்லாம். கொடுத்தவர் பெயர் வந்ததும் சலசலப்பு. நவமணி அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"ஐயரே, எனக்கு ஒரு சந்தேகம். திருவிருந்துல இருந்து விலக்கி வெச்ச ஆள் கொடுத்தது எப்படிச் செல்லும்? கமிட்டித் தீர்மானம்னு ஒண்ணு இருக்குல்லா?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"அண்ணாச்சி, தீர்மானத்துல திருவிருந்து மட்டும்தான் இருக்கு. ஆபத்து நேரத்துல ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாதுன்னு அதுல இல்ல."

"எல்லாம் மனப்பாடமா உனக்கு?"

"நான்தான அண்ணாச்சி எழுதினேன். முன்மொழிஞ்சதும் நான்தான். நீங்க யாரும் கேக்கல. நானாத்தான் செஞ்சேன்."

 அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். நான் ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் பியூலா இல்லை. திருவிருந்துக்குக்கூட நிற்காமல் வெளியே ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பில் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "பியூலா, அது வந்து" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கே தெரியும். எனக்கு வந்த லெட்டர்ல 'ஆகையால்'ங்கிற இடத்துல எல்லாம் முக்கோணமா மூணு புள்ளி வெச்சிருந்துச்சு. கணக்கு வாத்தியாரத் தவிர கமிட்டியில வேற யாரு அப்படி எழுதுவா? ரெண்டு வருஷமா நீங்க சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டிய. எங்கிட்ட இன்னும் சொல்லல."

சுற்றிலும் ஆட்கள். சோடாக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் எழுதினேன் பியூலா. தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"எது தப்பு? சட்டமா? அத என் மேல போட்டதா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். இந்த மாதம் முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"தெரியல" என்றேன்.

"தெரியாமலா தீர்மானத்துல கையெழுத்துப் போட்டிய?"

பஸ் வந்துவிட்டது. அவள் முன்பக்கம் ஏறினாள். நான் பின்பக்கம் ஏறினேன். பாளையங்கோட்டை வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவள் பின்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

நாலு மணிக்குக் கை கழுவிவிட்டு உள்ளே போனேன். பியூலா முதல் தடவையாகப் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் கிட்டே போனேன். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு நொடி தடுமாறிவிட்டு, "கிருபை" என்றேன். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. பியூலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, அதில் நான் உட்கார இடம் விட்டாள்.